தண்டனை முடித்து வந்தவர் இளைஞர்களுக்கு வழிகாட்டியாவது எப்படி: நெல்லை வட்டாரத்துக்குச் சில நடைமுறைகள்

பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்து தண்டனை முடித்து வெளியே வரும் ஒருவர், தாம் போன வழியில் இன்னொருவன் போகாமல் தடுக்க விரும்பினால், முதலில் யாரிடம் பேசுவது என்பதை முடிவு செய்யவேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்பதே மறுசீரமைப்பு நீதியின் (குற்றம் செய்தவர் பொறுப்பேற்று, பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்ததைச் சீர்செய்ய முயலும் முறையின்) முதற்படி என்று பலர் எண்ணுகின்றனர். நம் பகுதியில் அது ஆபத்தான தொடக்கம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அவ்வீட்டு வாசலில் போய் நிற்பது சாட்சியை மிரட்டும் செயலாகக் கொள்ளப்படலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான வழக்கென்றால், சமரசம் என்ற பேச்சே அக்குடும்பத்துக்கு மற்றொரு மிரட்டலாகக் கேட்கும். பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தைக் கேளாமல் தொகையைப் பேசி முடித்தால் அது கட்டப்பஞ்சாயத்துதான். மறுசீரமைப்பு நீதிக்கென ஐ.நா. 2002இல் வகுத்த அடிப்படை நெறிகள், இரு தரப்பும் மனமொப்பி வருவதையும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமையையும் வலியுறுத்துகின்றன. எனவே நடுநிலையாளர் ஒருவர் வழியாக அக்குடும்பத்தின் சம்மதம் தெரியவரும்வரை கடிதம்கூட எழுதவேண்டாம்.

இளைஞர்களிடம் பேசத் தொடங்க அவ்வளவு காத்திருக்கவேண்டியதில்லை. பள்ளி என்றால் தலைமையாசிரியரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் முன்அனுமதி பெறவேண்டும். தம் வழக்கு விவரத்தை மறைக்காமல் எழுதிக் கொடுப்பது நல்லது. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. வாட்ஸ்அப் குழுவுக்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.

என்ன பேசுவது என்பதே கடினமான பகுதி. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டபின், மாணவரிடையே சாதிப் பகையை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. கையில் சாதிக் கயிறு கட்டிய பையன்களுக்கு, உள்ளே போய் வந்தவர் தம் சாதிக்காரர் என்றால் அவர் வீரராகவே தெரிவார். இதைத் தவிர்க்க, வேறு வேறு சாதியைச் சேர்ந்த இருவர் சேர்ந்து அமர்வை நடத்துவதே சிறந்தது. ஒற்றை ஆள் எவ்வளவு நல்லவராயினும் போதாது என்பது என் கருத்து. சம்பவத்தை விவரிக்கக் கூடாது. அம்மா மனு போட்டுப் பார்க்க வந்து வெயிலில் நின்றது, வக்கீல் கட்டணத்துக்கு வயலை விற்றது, வாய்தாவுக்கு வாய்தா அலைந்தது, எதிர்த்தரப்புப் பிள்ளைகள் அப்பா இல்லாமல் வளர்ந்தது ஆகியவற்றையே சொல்லவேண்டும்.

பொறுமையும் தேவை. 1974இல் கனடாவின் எல்மைராவில் 22 குற்றங்களை ஒப்புக்கொண்ட இளைஞர் இருவரை, தாம் சேதப்படுத்திய வீடுகளுக்கு நேரில் சென்று ஈடு செய்யும்படி நீதிமன்றம் பணித்தது. அவர்களில் ஒருவரான ரஸ் கெல்லி, பல ஆண்டுகளுக்குப் பிறகே அம்முறைக்காகப் பொதுவில் பேசத் தொடங்கினார்.

அமர்வில் பேசியவை வெளியே போகா என்று இளைஞர்களுக்கு உறுதி தரும்போது அதன் எல்லையையும் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். கொலை செய்யும் திட்டம் ஒன்று தெரியவந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவின்படி காவல்துறைக்கோ குற்றவியல் நடுவருக்கோ (மாஜிஸ்திரேட்) தெரிவிப்பது கடமை. பழிக்குப் பழி வாங்கும் பேச்சு சாதாரணமாக அடிபடும் ஊர்களில் இந்நிலை வரக்கூடும் என்பதால், யாரிடம் எந்தத் தொலைபேசி எண்ணில் சொல்வது என்பதை அமர்வை நடத்தும் இருவரும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.