மலையிலிருந்து கடலாமை பார்க்க இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் உதகையில் புல்லின் மேல் உறைபனி படியும் அதே வாரங்களில்தான் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்குகின்றன. செய்திகளில் ஆலிவ் ரிட்லி என்று வருவதும் இந்த ஆமையைத்தான். நீலகிரியிலோ பழனி மலையிலோ வாழ்கிறவர்களுக்கு விலங்குகளுக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் காட்டுமாடும் கரடியும் உலவும் ஊரில் உயிரைக் காப்பாற்றும் பழக்கங்கள் சில, ஆமை ஏறும் கரையில் நேர்மாறான பலனைத் தந்துவிடும். கெட்ட எண்ணத்தால் நடக்கும் தவறுகளைவிட இப்படிப் பழக்கத்தால் நடப்பவையே அதிகம். அதனால் இறங்குவதற்கு முன்பே அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

மே மாதம் கிளம்புவது

முதல் தவறு வீட்டிலேயே, காலண்டரைப் பார்க்கும்போதே நடந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு முழு ஆண்டு விடுமுறை விட்டதும் போகலாம் என்று நினைத்தால் கரையில் பார்க்க அநேகமாக ஒன்றும் இருக்காது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆமைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடுகின்றன. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். பிப்ரவரி நடுவில் இட்ட முட்டை ஏப்ரல் தொடக்கத்தில் பொரியும்.

தாய் ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியில் ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். மலையில் சுற்றுலாக் கூட்டம் குறைவாக இருக்கும் மாதம் என்பதால் விடுதி, டாக்ஸி, கடை வைத்திருப்பவர்களுக்கும் இது தோதான நேரம். குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்க மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை சரியான காலம். தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை இதற்குப் பொருந்தி வரும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தவர்களுக்குக் கோழிக்கோட்டுக் கரை கிட்டத்தில் இருக்கிறது. அங்கே பருவம் முன்னதாகவே தொடங்கிவிடுவதால் இந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோகக் கூடாது.

ஒடிசாவின் ருஷிகுல்யா, கஹிர்மாதா கரைகளில் ஆயிரக்கணக்கில் ஆமைகள் ஒன்றாக ஏறும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதை எதிர்பார்த்துச் சென்னைக்கு வராதீர்கள். நம் கரையில் ஆமைகள் தனித்தனியாகத்தான் ஏறும். ஓர் இரவு முழுக்க நடந்து ஓர் ஆமையைக்கூடக் காணாமல் திரும்புவது சாதாரணம். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

தனியாகப் போவது

கரை பொது இடம்தானே, நாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. கடலாமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. முட்டையை எடுப்பதும் ஆமையைத் துன்புறுத்துவதும் குற்றம். நள்ளிரவில் கரையில் திரியும் குழுவைக் காவல்துறை நிறுத்திக் கேட்பதும் நியாயம்தான்.

சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இயங்கிவருகிறது. பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை அழைத்துப் போகிறார்கள். வனத்துறையும் பல கரையோர மாவட்டங்களில் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறது. தேதியையும் இடத்தையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலை சென்னை. ரயிலில் அரைத் தூக்கம் தூங்கி, பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, அன்று இரவே நடைக்குப் போனால் பாதி வழியில் கால் நின்றுவிடும். நள்ளிரவு வாக்கில் தொடங்கி விடியும்வரை மணலில் ஏழு கிலோமீட்டருக்குக் கிட்ட நடக்க வேண்டும். அன்று மதியம் நன்றாகத் தூங்கி எழுங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நடைக்கு அழைத்துப் போகாமல், பொரிப்பகத்தில் குஞ்சுகளைக் கடலுக்கு விடும் மாலைக்கு அழைத்துப் போவதே மேல்.

டார்ச்

மலையில் இருட்டியபின் டார்ச் இல்லாமல் யாரும் வெளியே கால் வைப்பதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் வெளிச்சத்தைத் தூர அடித்து, புதரில் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. அந்தப் பழக்கம் கையோடு கடற்கரைக்கும் வந்துவிடுகிறது. ஆமைக் கரையில் ஒரு மனிதனால் செய்யக்கூடிய பெரிய கெடுதல் இதுதான்.

கரையேறும் தாய் ஆமை மிகவும் பதற்றமாக இருக்கும் நேரம் அலையை விட்டு வெளியே வந்த முதல் சில நிமிடங்கள். அப்போது வெள்ளை வெளிச்சம் பட்டாலோ ஆள் அசைவது தெரிந்தாலோ அப்படியே திரும்பிக் கடலுக்குப் போய்விடும். வயிற்றில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சுமந்துகொண்டு வேறு இடம் தேடி அலைய வேண்டும்.

குஞ்சுகளின் நிலைமை இன்னும் மோசம். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, கீழ்வானத்தில் எது வெளிச்சமாக இருக்கிறதோ அதை நோக்கி ஓடும். மின்விளக்கு இல்லாத காலத்தில் அது கடலாகத்தான் இருந்தது, அதனால் கணக்கு தப்பவில்லை. இன்று தெருவிளக்கும் விடுதி விளக்கும் நம் டார்ச்சும் கடலைவிடப் பிரகாசம். குஞ்சு சாலைப் பக்கம் திரும்பிவிடும். பிறகு நாய், காக்கை, வண்டிச் சக்கரம், வெயில்.

ஆகவே டார்ச் பையிலேயே இருக்கட்டும். கண்ணுக்கு இருட்டு பழக இருபது முப்பது நிமிடம் கொடுத்தால் நிலவில்லாத இரவில்கூட நுரையும் மணலும் தெளிவாகப் பிரிந்து தெரியும். நடுவில் ஒருவர் செல்போனைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். அவசரத்துக்கு வெளிச்சம் தேவையென்றால் சிவப்பு வெளிச்சம். ஆமையின் கண் நீலம், பச்சை ஒளியைக் கூர்மையாக உணர்கிறது, சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை. சாதாரண டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளலாம். ஒரே மடிப்பு போதாது, வெள்ளை கசியும். சிவப்பானாலும் மணலை நோக்கியே அடியுங்கள், ஆமையின் முகத்தில் அடிக்காதீர்கள்.

கேமராவில் ஃபிளாஷை அணைத்தால் மட்டும் போதாது. இருட்டில் ஃபோகஸுக்காகத் தானே எரியும் சின்ன விளக்கையும் அமைப்பில் போய் அணைக்க வேண்டும். கையை உயர்த்தினால் தானே ஒளிரும் கைக்கடிகாரம், ஜெர்கினில் தைத்த பளபளப் பட்டை, வெள்ளைச் சட்டை இவையும் வேண்டாம். கருப்பு அல்லது கரும்பழுப்பு உடை போதும். ஸ்வெட்டரை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடலோர இரவின் புழுக்கத்தில் மலைவாசிகள் நினைப்பதைவிட அதிகமாக வியர்க்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டுவரும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்த ஒரு பழக்கத்தை அப்படியே கரைக்கும் கொண்டுபோங்கள்.

தடத்தைப் படிக்காமல் ஓடுவது

ஈர மணலில் முக்கால் மீட்டர் அகலத்தில் வண்டித் தடம் போல ஒன்று மேலே ஏறிப் போயிருக்கும். அதைப் பார்த்ததும் அதன் வழியே ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. நில்லுங்கள். தடம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஏறிய தடம் மட்டும் இருந்து, இறங்கிய தடம் இல்லையென்றால் ஆமை இன்னும் மேலேதான் இருக்கிறது. உட்கார்ந்துவிடுங்கள். அழைத்து வந்தவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுச் சைகை காட்டுவார்.

மேலே நடப்பது ஒரு வரிசைப்படி நடக்கும். முதலில் உடலால் மேல்மணலை ஒதுக்கிப் பள்ளமாக்கும். பிறகு பின்துடுப்புகளால் மாறி மாறி மணலை அள்ளி, சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். அடுத்து முட்டை. பிறகு மணலைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமும் ஆட்டித் தட்டித் தட்டி இறுக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தோண்டும்வரை முப்பதடிக்கு அப்பால் இருக்க வேண்டும். முட்டை விழத் தொடங்கியபின்தான் அது அவ்வளவாகக் கலையாது; அப்போது பின்பக்கமாக, குனிந்து, ஒரு சிலராக நெருங்கலாம். தலைப்பக்கம் ஒருபோதும் போகக் கூடாது. ஆமை திரும்பும்போது அதற்கும் கடலுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

அந்த நேரத்தில் அதன் கண்ணிலிருந்து கெட்டியான நீர் வழிந்து, மணல் ஒட்டிக் கன்னத்தில் கோடாக இறங்கியிருக்கும். பிரசவ வலியில் அழுகிறது என்று இரங்கி, தொட்டுத் தடவக் கை நீட்டுகிறவர்கள் உண்டு. கடல்நீரோடு உள்ளே போன உப்பைக் கண்ணருகே இருக்கும் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். கடலுக்குள்ளும் அது அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறது. தொடாதீர்கள்.

கூட்டில் குச்சி விட்டுப் பார்ப்பதும் முட்டையைக் கையில் எடுப்பதும் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பொரிப்பகத்துக்கு மாற்றினால் பிழைக்கும். நேரம் கடந்தால் உள்ளிருக்கும் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையை உருட்டினால் சவ்வு கிழிந்து கரு செத்துவிடும். தன்னார்வலர்கள் முட்டையைப் புரட்டாமல், அவசரமாகவும் மெதுவாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். அவர்களே உதவிக்குக் கூப்பிட்டால், கையில் தைலமோ கொசு மருந்தோ இல்லாதபடி கழுவிவிட்டுப் போங்கள். மலைக்காரர் கையில் நீலகிரித் தைலம் இல்லாமல் இருக்காது, அதனால் சொல்கிறோம்.

குஞ்சைத் தூக்கிக் கடலில் விடுவது

நான்கு சென்டிமீட்டர் நீளம், இருபது கிராம்கூட இல்லாத உடல், அலை வந்து புரட்டிப் போடுகிறது. பார்க்கிறவருக்குக் கை பரபரக்கும். தூக்கித் தண்ணீரில் விட்டால் நல்லதுதானே?

அந்த ஊர்தலே அதன் முதல் பயிற்சி. மணலில் போகும்போதே திசையைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் இறங்கியதும் வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருவின் சக்தியில் முதல் நாள் முழுக்க நிற்காமல் நீந்திக் கரையை விட்டு விலகும். வாளித் தண்ணீரில் போட்டு வேடிக்கை பார்த்தால் அந்தச் சக்தி வாளியிலேயே தீர்ந்துவிடும். பிறகு கடலில் விட்டும் பயனில்லை.

பொரிப்பகத்தில் விடும்போது கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்குப் பின்னால் நில்லுங்கள். நல்ல படம் வேண்டுமென்று முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்பவர் காலடியில், நுரைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குஞ்சுகள் மிதிபடும். ஈர மணலில் குதிகால் அழுந்திய பள்ளமே அதற்கு ஏறமுடியாத கிணறு. நடந்த இடத்தைக் காலால் தட்டிச் சமன் செய்துவிடுங்கள். பிள்ளைகள் தோண்டிய குழியையும் மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தீ, பிஸ்கட், கடல்

மலையில் குளிருக்கு மூட்டும் கேம்ப் ஃபயரைக் கரையில் மூட்டவே கூடாது. கீழே கூடு இருந்தால் முட்டை வெந்துவிடும், இல்லாவிட்டாலும் குஞ்சுகள் நெருப்பை நோக்கி வரும். மணலின் சூடு சாதாரண விஷயமே இல்லை. 29, 30 டிகிரியைச் சுற்றித்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகிறது. சூடு கூடினால் பெண் அதிகம்.

கரையில் சுற்றும் நாய்களுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். போட்ட இடத்துக்கே அவை தினம் வரும், வந்து மோப்பம் பிடித்துக் கூட்டைத் தோண்டும்.

கூட்டைப் பார்த்த இடத்தை லொகேஷனோடு இணையத்தில் போட்டால் முட்டை திருடுகிறவர்களுக்கு வழி காட்டியதாக ஆகிவிடும். படத்தை வேண்டுமானால் போடுங்கள், இடத்தை மறைத்துவிடுங்கள்.

ஏரியில் நீந்திப் பழகியவர் இரவில் கடலில் கால் நனைக்க இறங்குவது ஆபத்து. சென்னைக் கரையில் சில அடியிலேயே ஆழம் சடாரென இறங்கும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வரும் இடத்துக்குப் போகாதீர்கள். உடைந்த பாட்டிலும் தூண்டில் முள்ளும் மணலில் கிடக்கும் என்பதால் வெறுங்காலும் வேண்டாம். மலையேறும் கனத்த பூட்ஸ் மணலில் கால்களைச் சோர வைத்துவிடும். வார் வைத்த செருப்போ இலேசான ஷூவோ போதும்.

இறந்த ஆமை

உயிரோடு ஓர் ஆமையைக்கூடப் பார்க்காத இரவிலும் இறந்த ஆமையைப் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கடலாமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி, அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகிறது. வலையில் ஆமை தப்பிக்கும் வழி வைக்கும் கருவி இருக்கிறது, முட்டையிடும் காலத்தில் கரையோரத்தில் இழுவை வலைக்குத் தடையும் இருக்கிறது. இரண்டும் ஒழுங்காக நடைமுறையில் இருந்தால் இத்தனை சாவு வராது.

பிள்ளைகள் கேட்டால் இதை மறைக்காமல் சொல்லுங்கள். உடலைத் தொட வேண்டாம், ஓட்டை நினைவுக்கு எடுக்கவும் வேண்டாம். அதற்கும் அதே சட்டம்தான். கூட வந்த தன்னார்வலரிடம் இடத்தைக் காட்டினால் ஓட்டின் நீளத்தை அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, காயம் இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்வார்கள். வால் ஓட்டுக்கு வெளியே நீண்டிருந்தால் ஆண். எழுதிக்கொள்ளும்போது அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் தேவைப்படும், அதற்கு நீங்கள் கை கொடுக்கலாம்.