வழிகாட்டும் திறனை அளப்பது எப்படி?

"உங்கள் வழிகாட்டி எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் 7-க்கு 6 விழும். அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. திறனைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆராய்ச்சி வழிகாட்டிகளுக்காக உருவாக்கி 2013-இல் வெளியிட்ட எம்சிஏ (Mentoring Competency Assessment, வழிகாட்டும் திறன் மதிப்பீடு) படிவம் நல்ல தொடக்கம். 26 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். உரையாடல், எதிர்பார்ப்புகளைப் பேசி முடிவு செய்வது, புரிந்ததா என்று அறிவது, சொந்தக் காலில் நிற்க விடுவது, பலதரப்பட்டவர்களை மதித்து நடப்பது, தொழில் வளர்ச்சிக்கு உதவுவது என ஆறு திறன்கள் அதில் உண்டு.

நீங்களே கேள்வி எழுதினால் குணத்தை விட்டுச் செயலைக் கேளுங்கள். "பொறுமையாகக் கேட்பாரா?" என்பதற்குப் பதில், "கடைசி மூன்று சந்திப்புகளில் எத்தனை முறை நீங்கள் பேசி முடிக்கும் முன்பே தீர்வு சொன்னார்?" என்று கேட்கலாம். "தெளிவாகவும் உடனுக்குடனும் கருத்துச் சொல்கிறாரா?" என்பது ஒன்றல்ல, இரண்டு கேள்வி, உடைத்துவிடுங்கள். "இன்னும் தெரியாது" என்ற கட்டமும் வேண்டும். இல்லையென்றால் தெரியாதவர்கள் எல்லாம் நடுவில் உள்ள 4-ஐத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

அதே கேள்விகளை வழிகாட்டிக்கும் கற்பவருக்கும் கொடுங்கள். மொத்தச் சராசரியைப் பார்க்காதீர்கள். புரிந்ததா என்று அறிவதில் வழிகாட்டி தனக்கு 6 போட்டு, கற்பவர்கள் 3 போட்டிருந்தால் வேலை அங்கேதான் இருக்கிறது.

பெயர் கேட்காவிட்டால் ரகசியம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஒரே ஒரு மாணவர் இருந்தால் எழுதியது யார் என்று யாருக்குத்தான் தெரியாது? குறைந்தது மூன்று பேராவது இருந்தால் மட்டும் சராசரியைக் கொடுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும் சமயத்தில் படிவம் நீட்டவே வேண்டாம்.

வழிகாட்டிகளுக்கான பயிற்சிக்கு முன் தனக்கு 5 போட்டவர் பின்பு 4 போடுவதும் உண்டு. திறன் குறையவில்லை, தனக்கு எவ்வளவு தெரியாது என்பது இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதனால் பயிற்சி முடிந்த பின் "அன்று எப்படி, இன்று எப்படி" என்று ஒரே தாளில் கேட்பார்கள். ஆனால் இதில் முன்னேற்றத்தைக் கூட்டிக் காட்டும் ஆசையும் புகுந்துவிடும். சில மாதம் கழித்துக் கற்பவர்களிடம் மீண்டும் வாங்கும் மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.