குகையும் வெள்ளியும்: மகிழவும் ஞானமாய் நடக்கவும் பழகுதல்

'வெள்ளியைக் குகையும், பொன்னைப் புடமும் சோதிக்கும்; இருதயங்களைச் சோதிக்கிறவரோ கர்த்தர்' என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில், 17ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது, மலைக்குகைக்குள் யாரோ வெள்ளியை ஒளித்து வைத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறையில், பழைய கொலுசுகளைப் போட்டு உருக்குகிற கிண்ணத்தைப் பார்த்த பிறகுதான், குகை என்பது தட்டார் தொழிலின் பழைய சொல் என்றும், மூசை என்பதும் அதுதான் என்றும் தெரிந்தது. கொலுசு நெகிழ்ந்து, சிவந்து, நீராகிற வரைக்கும் உருக்குகிறவர் எழுந்து போகவில்லை. மேலே மிதந்த அழுக்கை ஒதுக்கிவிட்டு, மறுபடியும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். விசுவாசத்தால் வருகிற மகிழ்ச்சியும் ஞானமும் இப்படித்தான் அன்றாடச் சூட்டில் கொஞ்சங்கொஞ்சமாகத் தெளிகின்றன என்பது என் அனுபவம். ஆகவே, தொடங்க விரும்புகிறவர் பெரிய தீர்மானங்களை எடுக்காமல், ஒரு சிறிய வழக்கத்தைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருக்கின்றன. தேதிக்கு ஒன்றாகப் படித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். காலையில் கைப்பேசியை எடுப்பதற்கு முன்பே, அன்றைய அதிகாரத்தை வாய்விட்டு, நிதானமாகப் படியுங்கள். 10ஆம் அதிகாரத்திலிருந்து பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனி வாக்கியங்களாக வருவதால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்கினால் எதுவும் தங்காது. அன்று உங்களைக் குத்துகிற ஒரு வசனத்தை மட்டும், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய திருப்புதலா, கத்தோலிக்கர் வீடுகளில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பா என்று குழம்ப வேண்டாம். வீட்டில் இருக்கிற வேதாகமமே போதும்.

ஞானத்தை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் பணம் என்பேன். ஜெபத்தில் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட ஜாமீன் கையெழுத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் விழுந்தவன்தான். சீட்டு எடுத்த நண்பர் ஒருவர் கேட்டார் என்பதற்காக, என் வரவு செலவைப் பார்க்காமலும், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமலும், 'சகோதரனுக்கு உதவாவிட்டால் என்ன விசுவாசம்' என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். தவணை நின்றபோது, மீதியை இரண்டு வருடம் நான்தான் கட்டினேன். பிறருக்குப் பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் ஐந்து இடங்களிலாவது எச்சரிக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். மாட்டிக்கொண்டால், வேடன் கைக்குத் தப்புகிற மானைப்போல விரைந்து விடுவித்துக்கொள், வெட்கப்படாமல் போய்க் கேள் என்று 6ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே, யாராவது கையெழுத்துக் கேட்டால், 'வீட்டில் கலந்து, ஜெபித்துவிட்டு நாளை சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். முழுத்தொகையும் நம் தலையில் விழுந்தால் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் கையெழுத்தைத் தவிர்த்து, கையில் இருக்கிற சிறு தொகையை அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால் நட்பும் மிஞ்சும், தூக்கமும் மிஞ்சும்.

அடுத்தது நாக்கு. கேட்பதற்கு விரைவும், பேசுவதற்குப் பொறுமையும், கோபிப்பதற்குத் தாமதமும் வேண்டும் என்கிறார், புதிய ஏற்பாட்டு நிருபம் ஒன்றை எழுதிய யாக்கோபு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோபம் வரும்போது, பதிலைத் தட்டச்சு செய்து, அனுப்பாமல், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்துப் பார்த்தால், பாதியை நாமே அழித்துவிடுவோம். அதிகாலையில் உரத்த சத்தத்தோடு சிநேகிதனை வாழ்த்தினால் அது சாபமாக எண்ணப்படும் என்றும் நீதிமொழிகள் 27ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாயிருக்கிற சபையார் அந்த வசனத்தைச் சற்று நிதானித்துப் படிக்கலாம்.

இனி மகிழ்ச்சிக்கு வருவோம். 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்று அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்கு எழுதியது காவலில் இருந்தபோதுதான். நான்கே அதிகாரங்கள் கொண்ட அந்த நிருபத்தை ஓர் உட்காரலில் படித்துவிடலாம். படிக்கும்போது, 4ஆம் அதிகாரத்தில் எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடிருக்க, 'கற்றுக்கொண்டேன்' என்று அவர் சொல்கிற இடத்தில் நின்று யோசியுங்கள். பவுலுக்கே அது பிறவிக்குணமாக வாய்க்கவில்லை, கற்றுத்தான் வந்தது என்றால், நமக்கு ஒரு வாரத்தில் வராததில் வியப்பில்லை. அவர் காட்டுகிற வழி, கவலையைத் தேவனிடம் விண்ணப்பமாகச் சொல்வதும், அதோடு ஸ்தோத்திரத்தைச் சேர்ப்பதும் ஆகும். இரவில் படுப்பதற்கு முன், அன்றைய கவலை ஒன்றையும், நன்றி சொல்ல வேண்டிய மூன்று காரியங்களையும் எழுதுங்கள். 'எல்லாவற்றிற்கும் ஸ்தோத்திரம்' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை; மழையில் பக்கத்து வீட்டு அக்கா நம் துணியை எடுத்து மடித்து வைத்தது, பேருந்தில் ஓர் இளைஞர் எழுந்து இடம் கொடுத்தது என்று, முகமும் நேரமும் தெரியும்படி எழுத வேண்டும்.

சந்தோஷமாயிருக்க வேண்டும் என்பதற்காகத் துக்கத்தை மறைத்துச் சிரிக்க வேண்டியதில்லை. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அதுவும் ஜெபமாகவே வேதாகமத்தில் இருக்கிறது. துன்பப்படுகிறவன் ஜெபிக்கட்டும், மகிழ்ச்சியாயிருக்கிறவன் பாடட்டும் என்று யாக்கோபு இரண்டுக்கும் இடம் வைக்கிறார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைச் சமையலறையில் முணுமுணுப்பதும் அதில் சேரும்தான். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போனால், 'விசுவாசக் குறைவு' என்று யாராவது சொல்வதைக் கேட்டுக்கொண்டிராமல் மனநல மருத்துவரிடம் போங்கள். பவுல் தம்மோடிருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றுதான் எழுதினார்.

மாதம் ஒரு நாள் முடியாவிட்டாலும், வருடத்தில் இரண்டு நாளாவது தனிமைக்கு ஒதுக்குங்கள். சேலத்தில் இருப்பவர்களுக்கு ஏற்காடு பக்கத்திலேயே இருப்பது ஒரு பாக்கியம். கோடை விழாக் கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்து, வார நாளில் காலைப் பேருந்தைப் பிடியுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிவதற்குள் காற்று மாறிவிடும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரம். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் நிழலில் காப்பிச்செடிகள் நிற்கிற சாலையோரமாக நடந்து, ஒரே ஒரு சங்கீதத்தைக் காலையிலும் மதியத்திலும் படித்து, மற்ற நேரம் பேசாமல் இருங்கள். முதல் ஒரு மணி நேரம் மனம் கடன், பிள்ளைகளின் மதிப்பெண், மேலதிகாரி என்று அலையத்தான் செய்யும். அலையட்டும், அவற்றையே ஜெபமாக்கிக்கொள்ளலாம். கோடைமழை விழுந்து பத்து நாளுக்குள் வெள்ளை வெளேரென்று பூக்கிற காப்பி, பழுத்துப் பறிப்புக்கு வருவதற்குச் சுமார் ஒன்பது மாதம் ஆகிறது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் அதற்காக அவசரப்படுவதில்லை.

இதையெல்லாம் தனியாகச் செய்தால் நெடுநாள் நீடிக்காது. சபையில் ஒருவரையாவது தெரிந்துகொண்டு, வாரம் ஒருமுறை 'இந்த வாரம் எங்கே தடுக்கியது' என்று இருவரும் உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, நடமாட முடியாத ஒரு முதியவரைப் பார்க்கப் போங்கள். அறிவுரைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழமோ மாத்திரையோ வாங்கிக்கொண்டு போய், அவர் சொல்கிற பழைய கதையை ஐந்தாவது முறையாகக் கேளுங்கள். செய்ததை வெளியே சொல்லாதீர்கள்.

நடுவில் வழக்கம் அறுந்துபோகும். 8ஆம் தேதி திருமண வீட்டுக்கோ, 9ஆம் தேதி காய்ச்சலுக்கோ போய்விட்டால், விட்டதையெல்லாம் சேர்த்துப் படிக்க முயலாமல், 10ஆம் தேதி காலையில் 10ஆம் அதிகாரத்தைத் திறங்கள். விட்டவை அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடியும் வரும்.