டிராவல் கூட்டிக் குறைக்கும் மவுண்டன் பைக்: அமைப்பது, ஓட்டுவது, பராமரிப்பது

செங்குத்தான ஏற்றத்தில் மிக இலகுவான கியரில் மிதிக்கும்போது முன்சக்கரம் தரையில் நிற்காமல் இடமும் வலமும் அலையும். 150, 160 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய தூரம்) உள்ள பைக் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். உடம்பை எவ்வளவு முன்னால் சாய்த்தாலும் ஹேண்டில்பார் நெஞ்சுக்கு எதிரே எழும்பி நிற்கும். ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக்கால் சஸ்பென்ஷனை, ஏற்றத்துக்குக் குட்டையாகவும் இறக்கத்துக்கு நீளமாகவும் மாற்றும் வசதி இதற்காகத்தான் வந்தது. நல்ல வசதி. ஆனால் தவறாக அமைத்தாலோ, மாற்ற மறந்தாலோ சாதாரண ஃபோர்க்கைவிட மோசமாக நடந்துகொள்ளும்.

முதலில் உங்கள் பைக்கில் எது மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் ஒன்றல்ல. ராக்‌ஷாக்ஸின் பழைய ‘பைக்’ (Pike) மாடல் ஃபோர்க்கில் வந்த யூ-டர்ன் முறையில் ஸ்பிரிங்கையே திருகிச் சுருக்கி 140-லிருந்து 95 மி.மீ. வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். திருப்பித் திருப்பிக் கை வலிக்கும், ஆனால் எளிதில் கெடாது. பிறகு வந்த டூயல் பொசிஷன் ஏர் காற்றில் இயங்குவது. 160/130, 150/120 என இரண்டே நிலைகள். ஃபாக்ஸின் 36 டாலஸ் ஒரு காலத்தில் 160, 130, 100 என மூன்று நிலைகளோடு வந்தது, பின்னாளில் இரண்டாகக் குறைந்தது. இவை எல்லாம் ஃபோர்க்கின் உயரத்தையே மாற்றுபவை.

பின்பக்கம் கதை வேறு. ஸ்காட் ஜீனியஸ் பைக்கில், ஹேண்டில்பாரில் உள்ள ட்வின்லாக் லீவரை ஒரு கிளிக் தள்ளினால் பின் ஷாக்கின் (பின்சக்கரத்துக்கான சஸ்பென்ஷன்) காற்றறையில் ஒரு பகுதி மூடிக்கொள்ளும். அறை சிறுத்தால் ஸ்பிரிங் இறுகும். 2018 மாடலில் 150 மி.மீ. டிராவல் 100 ஆகும், இன்னொரு கிளிக்கில் முழுவதும் பூட்டிக்கொள்ளும். இங்கே பைக்கின் பின்பகுதி தாழ்வதில்லை. ஓட்டுபவர் எடைக்கு ஷாக் குறைவாகவே அமுங்குவதால் முன்பைவிட உயரமாக நிற்கும். கேன்யன் ஸ்ட்ரைவ் பைக்கின் ஷேப்ஷிஃப்டர் அமைப்போ ஷாக் மாட்டியிருக்கும் இடத்தையே நகர்த்தி, டிராவலையும் கோணத்தையும் சேர்த்து மாற்றுகிறது.

ஃபோர்க்கை 30 மி.மீ. குறைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரு சக்கர மையங்களுக்கும் இடையே 1,200 மி.மீ. தூரமும் 65 டிகிரி ஹெட் ஆங்கிளும் (ஃபோர்க் தரையோடு சாய்ந்திருக்கும் கோணம்) உள்ள பைக்கை எடுத்துக்கொள்வோம். ஃபோர்க் சாய்ந்து நிற்பதால் முன்பகுதி செங்குத்தாகத் தாழ்வது சுமார் 27 மி.மீ. அதனால் பைக் முழுவதும் ஏறக்குறைய 1.3 டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது. ஹெட் ஆங்கிள் 66.3 ஆகிறது, சீட்டின் மூக்கும் அதே அளவு கீழே இறங்குகிறது, எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. ஏற்றத்துக்கு வேண்டியது இதுதான். ஆனால் பெடல் சுழலும் மையமும் சுமார் 10 மி.மீ. தாழ்ந்துவிடும். பாறைகள் நிறைந்த ஏற்றத்தில் ஃபோர்க்கைக் குட்டையாக்கியவர்களுக்குப் பெடல் கல்லில் இடித்துக் கால் நழுவுவது இதனால்தான். மண்ணும் சரளையுமான நீண்ட ஏற்றத்துக்குக் குட்டை நிலை. கல்லும் வேரும் படிபோல் நிற்கும் ஏற்றத்தில், எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும், நீளமாகவே விட்டுவிடுங்கள்.

இனி காற்று அழுத்தம். சாக் என்பது நீங்கள் ஏறி நின்றதும் சஸ்பென்ஷன் உங்கள் எடையில் அமுங்கும் அளவு. முன்பக்கம் மொத்த டிராவலில் 15 முதல் 20 சதவீதம், பின்பக்கம் 25 முதல் 30 சதவீதம் என்று தொடங்கலாம். 160 மி.மீ. ஃபோர்க்குக்கு 20 சதவீதம் என்றால் 32 மி.மீ. பின்னால் கணக்கிட வேண்டியது சக்கரத்தின் டிராவலை அல்ல, ஷாக்கின் தண்டு உள்ளே போகும் நீளத்தை. 60 மி.மீ. ஸ்ட்ரோக் ஷாக்குக்கு 28 சதவீதம் ஏறக்குறைய 17 மி.மீ.

அளவெடுக்கும்போது ஃபோர்க் நீள நிலையிலும் ஷாக் முழுவதும் திறந்த நிலையிலும்தான் இருக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். குட்டை நிலையில் அளந்து காற்றடித்துவிட்டு, இறக்கத்தில் ஃபோர்க் மரக்கட்டையாக இருக்கிறது என்று புலம்புவார்கள். ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறுங்கள். ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, இரு பெடலிலும் சமமாக எழுந்து நின்று, முழங்காலும் முழங்கையும் லேசாக மடங்கிய நிலையில் இரண்டு மூன்று முறை மெதுவாக அமுக்கி அசையாமல் நில்லுங்கள். பிடித்திருப்பவர் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் ஓ-ரிங்கை, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சீலோடு ஒட்டித் தள்ளட்டும். பிறகு குதிக்காமல் இறங்கி, சீலுக்கும் ஓ-ரிங்குக்கும் நடுவே உள்ள தூரத்தை அளங்கள். ஃபோர்க்கை ஒருமுறை குட்டையாக்கினால் ஓ-ரிங் தானாகவே 30 மி.மீ. மேலே தள்ளப்பட்டிருக்கும். அளப்பதற்கு முன் அதைக் கீழே இறக்க மறக்காதீர்கள்.

ஷாக் பம்ப் இல்லாமல் இந்தப் பைக்கை வைத்திருக்க முடியாது, டயர் பம்ப் இதற்கு உதவாது. 300 பிஎஸ்ஐ காட்டும் ஒன்றை வாங்குங்கள். காற்றடிக்கும்போது 50 பிஎஸ்ஐக்கு ஒருமுறை நிறுத்தி, டிராவலில் கால்பங்கு அளவுக்குப் பத்து முறை மெதுவாக அமுக்குங்கள். ஸ்பிரிங்கின் மேலறைக்கும் கீழறைக்கும் காற்று சமமாகப் பாய அது தேவை, அப்போது மீட்டரில் முள் இறங்கும். பம்பைக் கழற்றும்போது கேட்கும் ‘உஸ்’ சத்தம் குழாயில் இருந்த காற்றுதான், ஷாக்கிலிருந்து போவது அல்ல. திரும்ப மாட்டினால் மீட்டர் குறைவாகக் காட்டுவதும் காற்று குழாயை நிரப்பப் போவதால்தான். இது தெரியாமல் ‘லீக் ஆகிறது’ என்று தினமும் காற்றடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சாதாரணக் காற்று ஃபோர்க்கில் டிராவலின் கடைசிப் பகுதியை இறுக்க உள்ளே பிளாஸ்டிக் டோக்கன் போடுவார்கள். ராக்‌ஷாக்ஸின் டூயல் பொசிஷன் ஏரில் அது போட முடியாது. அதனால் பெரிய குதியலில் ஃபோர்க் அடிவரை போய் முட்டினால் உங்களிடம் உள்ள வழிகள் இரண்டுதான்: மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட்டுவது, அல்லது அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் திருகை ஒன்றிரண்டு கிளிக் இறுக்குவது. ஒரு சவாரியில் ஒரே ஒருமுறை முழு டிராவலையும் தொட்டிருந்தால் அமைப்பு சரி.

ரீபவுண்ட் என்பது அமுங்கிய ஷாக் திரும்பி வரும் வேகம். திருகை முழுவதும் மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணித் திறந்து, எண்ணைக் குறித்து வையுங்கள். நடைபாதை விளிம்பு உயரமுள்ள படியிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கிப் பாருங்கள். பின்பக்கம் ஒருமுறை எழும்பி உடனே அடங்கினால் போதும். இரண்டு மூன்று முறை துள்ளினால் ரீபவுண்டை மெதுவாக்குங்கள். அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் மேலே வர நேரமில்லாமல் தாழ்ந்துகொண்டே போனால் வேகமாக்குங்கள். டயரையும் விட்டுவிடாதீர்கள்: 75 கிலோ எடையுள்ளவருக்கு 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். 35 பிஎஸ்ஐ அடித்துவிட்டு எந்த ஷாக்கைத் திருகினாலும் கை நடுக்கம் போகாது.

ஓட்டும்போது நிலை மாற்றுவது இப்படி: டூயல் பொசிஷனில் ஃபோர்க்கின் இடதுகால் உச்சியில் உள்ள திருகைத் திருப்பி, முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை இரண்டு மூன்று முறை உடம்பால் அழுத்துங்கள். ஃபோர்க் இறங்கி அங்கேயே நிற்கும். நீட்ட, திருகைத் திருப்பிவிட்டு ஹேண்டில்பாரை மேலே இழுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். எடை அழுத்திக்கொண்டிருந்தால் அது நீளாது. திருகிவிட்டாலே நீண்டுவிடும் என்று நம்பி இறக்கத்தில் நுழைவதுதான் இந்தப் பைக்கில் மிகவும் ஆபத்தான தவறு. குட்டையான ஃபோர்க்கோடு செங்குத்தான இறக்கத்தில் முன்பிரேக் பிடித்தால், ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கும் எடை ஹேண்டில்பாரைத் தாண்டி உங்களைத் தூக்கிப் போடும்.

கண்ணால் சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ராக்‌ஷாக்ஸ் தண்டுகளில் 10, 20, 30 என்று சாக் சதவீதக் கோடுகள் அச்சிட்டிருக்கும். 160 மி.மீ. ஃபோர்க்கில் 10-ஆம் கோடு சீலுக்கு 16 மி.மீ. மேலே இருக்கும், 20-ஆம் கோடு 32 மி.மீ. மேலே. 30 மி.மீ. குட்டையாக்கினால் 10 சீலுக்குள் மறைந்து, 20 சீலின் உதட்டை ஒட்டி நிற்கும். பைக்கில் ஏறாமல் குனிந்து பாருங்கள். 10 தெரிந்தால் இறக்கத்தில் போகலாம். உச்சியில் நின்றதும் ஃபோர்க், பின் ஷாக், சீட் என்று இதே வரிசையில் மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

மலைக்கு மேலே போகும்போது ஃபோர்க் விறைப்பது ஏன் என்று பலருக்கும் புரிவதில்லை. ஃபோர்க் கால்களின் கீழ்ப்பகுதிக்குள், ஸ்பிரிங்குக்கு வெளியே, கொஞ்சம் காற்று அடைபட்டுக் கிடக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டிக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று அதே அளவு அழுத்தம் கூடியதுபோல் வேலை செய்து ஃபோர்க்கை விறைக்க வைக்கும். கால்களின் பின்னால் பொத்தான் உள்ள ஃபோர்க்கானால் அதை அழுத்தினால் போதும். இல்லாவிட்டால் முனையை மழுக்கிய பிளாஸ்டிக் கேபிள் டையைச் சீலின் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மெதுவாக நுழைத்தால் ‘பிஸ்’ என்று காற்று வெளியேறும். ஸ்க்ரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தண்டில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே ஆயில் வடிந்துகொண்டே இருக்கும்.

பராமரிப்பில் முக்கியமானது ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்வது. ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. மழைச்சேற்றில் ஓட்டினால் அதற்கும் முன்பே செய்துவிடுங்கள். காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு முழுவதும் வெளியேற்றுங்கள். முன்பிரேக் கேலிப்பரைக் கழற்றித் தள்ளி வையுங்கள், ஆயில் பட்ட பிரேக் பேடைப் பிறகு தூக்கித்தான் எறிய வேண்டும். கால்களின் அடியில் உள்ள போல்ட்டுகளை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் ரப்பர் சுத்தியால் தட்டி உள்தண்டை விடுவியுங்கள். போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு வேறு எதையாவது வைத்துத் தட்டினால் தண்டின் மரை கெடும். கால்களை உருவி, பழைய ஆயிலை வடித்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். சீலுக்கு அடியிலிருக்கும் ஸ்பாஞ்சு வளையங்களைக் கழுவி, புது ஆயிலில் ஊறவைத்து மாட்டி, சீலின் உட்புறம் மெல்லக் கிரீஸ் தடவுங்கள். கால்களைப் பாதிவரை ஏற்றி, பைக்கைச் சாய்த்து, அடித்துளை வழியே சிரிஞ்சால் ஆயில் விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டில் உள்ள மில்லியை மீறாதீர்கள். கூடினால் அடைபட்ட காற்றுக்கு இடமில்லாமல் டிராவலின் கடைசிப் பகுதி கிடைக்காது. புது வாஷர் போட்டு, ராக்‌ஷாக்ஸானால் 7.3 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைத் தொட வேண்டாம், உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியத் தண்டு.

ட்வின்லாக் போன்ற கேபிள் அமைப்பில் கெடுவது பெரும்பாலும் கேபிள்தான். உறைக்குள் சேறும் துருவும் சேர்ந்தால் லீவரை விடுவித்தாலும் ஷாக் முழுவதும் திறக்காது, ஓட்டுபவரோ ஷாக் பழுது என்று நினைப்பார். ஷாக்கின் அருகே கண்வைத்து லீவரை அழுத்தி விடுங்கள். கேபிள் இழுக்கும் சக்கரம்போன்ற சின்னப் பகுதி நின்றுவிடாமல் கடைசிவரை திரும்புகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். உறையோடு சேர்த்துக் கேபிளை மாற்றுங்கள், அதிகச் செலவில்லை.

இந்த ஃபோர்க்குகள் இன்று பழைய பைக்குகளில்தான் அதிகம் கிடைக்கின்றன. வாங்கும்முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நீள நிலையில் சரியான காற்றடித்து, சீலிலிருந்து மேல்முடி (இரு தண்டுகளும் மேலே சேரும் பாகம்) வரை தெரியும் தண்டை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில் மீட்டரில் காற்று குறையாமல் தண்டு மட்டும் 10, 20 மி.மீ. குட்டையாகியிருந்தால், உள்ளே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் காற்று கசிகிறது என்று பொருள். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. பிறகு தண்டின் பின்பக்கத்தை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டும் கீறலோ, பூச்சு போய் வெள்ளி நிறம் தெரிவதோ இருந்தால் விட்டுவிடுங்கள். முன்பிரேக்கைப் பிடித்து, சீலுக்கும் தண்டுக்கும் நடுவே விரல் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளிருக்கும் புஷ் (தண்டு வழுக்கும் வளையம்) தேய்ந்திருப்பது விரலுக்குத் தெரியும். சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கும்போது சக்கரம் எழும் முன் ‘டொக்’ என்று ஓர் ஆட்டம் வந்தால் ஷாக் புஷ்ஷோ பின்மூட்டுகளின் பேரிங்கோ போய்விட்டது.

அறைக் கசிவு மட்டும்தான் குறை என்றால் வாங்காமல் விட வேண்டியதில்லை. ‘பைக்’ (Pike), லிரிக் போன்ற பல ஃபோர்க் மாடல்களில் இடதுகாலின் காற்று ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு, ஒரே நீளமுள்ள ஸ்பிரிங்கை மாட்டலாம். அதன்பின் டோக்கன் போட முடியும், சிறு அதிர்வுகளையும் ஃபோர்க் நன்றாக உள்வாங்கும். ஏற்றத்துக்குக் குட்டையாக்கும் வசதி போய்விடும். வாரம் ஒருமுறை நீண்ட மண் ஏற்றம் ஏறுபவர்கள் பழைய ஸ்பிரிங்கையே சீல் மாற்றிப் போடலாம். பெரும்பாலும் இறங்குபவர்கள் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதானால் ஃபோர்க்கின் ஆண்டு, சக்கர அளவு, டிராவல் மூன்றும் பொருந்தும் ஸ்பிரிங்தானா என்று பாகத்தின் எண்ணை வைத்தே வாங்குங்கள்.