டெல் ஆர்740 சர்வரில் பிராசஸர் மாற்றுவது எப்படி?

சர்வர் திணற ஆரம்பித்தவுடனே புதிது வாங்க வேண்டும் என்பதில்லை. டெல் பவர்எட்ஜ் ஆர்740 மாடலையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் வந்த முதல் தலைமுறை இன்டெல் ஜியான் ஸ்கேலபிள் பிராசஸர் சிப்களும் 2019-ல் வந்த இரண்டாம் தலைமுறையும் அதில் ஒரே சாக்கெட்டில்தான் உட்காரும். எட்டு கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட சில்வர் 4110 இரண்டைக் கழற்றிவிட்டு, இருபது கோர் கோல்டு 6230 இரண்டை மாட்டப்போகிறோம்.

படி 1: முதலில் கணக்கு

16 கோர் 40 ஆகிறது. விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் கோர் கணக்கில்தான் வருகிறது, ஆகவே கூடுதல் 24 கோருக்கும் காசு கட்ட வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளும் கோர் லைசென்ஸில் ஓடினால் சிப் விலையை அது தூக்கிச் சாப்பிட்டுவிடும். குறைந்த கோர், அதிக வேகம் உள்ள சிப் போதுமா என்று இப்போதே யோசியுங்கள்.

சூடும் கூடும்: 4110-க்கு 85 வாட், 6230-க்கு 125 வாட். ஹீட் சிங்க் (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டை), ஃபேன், பவர் சப்ளை தாங்குமா என்று டெல் கையேட்டில் பார்த்துவிடுங்கள். இரண்டு சிப்பும் ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

படி 2: பேக்கப், பயாஸ்

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள். அப்புறம், பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸை, அதாவது சர்வரைத் தொடக்கிவைக்கும் போர்டு மென்பொருளை, புதுப்பியுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் புதிய சிப்பை சர்வருக்கு அடையாளமே தெரியாது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள். மீட்புச் சாவியும் கையில் இருக்கட்டும்.

படி 3: கழற்றுதல்

சர்வரை முறைப்படி அணைத்து, இரண்டு பவர் கேபிளையும் உருவி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். ஹீட் சிங்க்கில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், டி30 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் வேண்டும். முதல் ஸ்க்ரூவை மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, இரண்டாவதை முழுக்கத் தளர்த்திவிட்டு, மறுபடி முதலாவதை முழுக்கத் தளர்த்துங்கள். இரண்டும் தளர்ந்ததும் நீல கிளிப் இரண்டையும் சேர்த்து அழுத்தி நேராக மேலே தூக்குங்கள். சிப்பும் ஹீட் சிங்க்கோடு சேர்ந்தே வரும்.

படி 4: சாக்கெட்

நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். 3647 பின்கள், எல்லாம் போர்டில்தான் இருக்கின்றன. தலைமுடி போல மெல்லியவை. சட்டை நுனி உரசினாலும் வளையும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி தனியாகப் பளிச்சிட்டாலோ இருண்டிருந்தாலோ அங்கே பின் வளைந்திருக்கலாம். விரலோ துணியோ உள்ளே போகவே கூடாது.

பழைய சிப்பை ஹீட் சிங்க்கிலிருந்து பிரித்தெடுத்து, ஹீட் சிங்க்கில் உள்ள பழைய பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதிய சிப் மேல் அளவாகப் பேஸ்ட் போடுங்கள். முக்கோணக் குறிகள் ஒன்றுக்கொன்று நேராக வரும்படி பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தி, அப்படியே சாக்கெட்டில் இறக்குங்கள். கையால் அமுக்க வேண்டாம். கையேடு சொல்லும் வரிசையில் முடுக்கினால் தானாகப் படியும்.

படி 5: ஆன் செய்தல்

முதல் முறை திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ரேமைச் சோதிக்கிறது, பதறிப்போய் பவரைப் பிடுங்காதீர்கள். பிறகு ஐடிராக்கில் (சர்வரைக் கண்காணிக்கும் டெல்லின் நிர்வாகப் பக்கம்) இரண்டு சிப்பும் முழு ரேமும் தெரிகிறதா என்று பாருங்கள். ரேமில் ஒரு பகுதி காணவில்லை என்றால் ரேம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் சிப் சரியாகப் படியவில்லை அல்லது பின் வளைந்திருக்கிறது. அணைத்து, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மறுபடி முடுக்குங்கள்.

எல்லாம் சரி என்றால் சில மணி நேரம் முழு லோடு கொடுத்து வெப்பநிலையைக் கவனித்துவிட்டு, அதன் பிறகு ஊழியர்களை உள்ளே விடுங்கள்.