மேடம் வகுப்பைப் பார்க்க வரும் நாளில் புரொஜெக்டரைத் தேடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பிரிவு மொத்தத்துக்கும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். வருஷம் முழுக்க அது பீரோவில் தூங்கும். துறைத்தலைவர் மேடம் மார்க் போட வகுப்பைப் பார்க்க வரும் வாரத்தில் மட்டும் ஆளாளுக்குச் சாவி கேட்பார்கள். நானும் கேட்டேன். பத்தாம் வகுப்பு, பரவளைய வரைபடம். எக்ஸ்டென்ஷன் வயர் எட்டவில்லை, மேசையை இழுத்தோம். லேப்டாப்பும் புரொஜெக்டரும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. ஒருவழியாகப் படம் விழுந்தபோது, திரைச்சீலை இல்லாத ஜன்னலில் டர்பன் வெயில். ஒரு கோடுகூடத் தெரியவில்லை. கால்மணி நேரம் போச்சு. சாக்பீஸில் போட்டிருந்தால் மூன்று நிமிஷம்.

பாடம் வழங்கிய விதத்துக்கு 4க்கு 2 விழுந்தது. ஏன் என்று கேட்டேன். "தம்பி, நீ பாடம் நடத்தினதை நான் எங்கே பார்த்தேன்? வயர் செருகினதைத்தான் பார்த்தேன்" என்றார் மேடம். கோபம் வந்தது, ஆனால் மறுக்க முடியவில்லை. தினமும் கையாளாத கருவியை அன்றைக்கு மட்டும் எடுப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. பிள்ளைகளும் பாடத்தை விட்டுவிட்டு மெஷினைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள்.

பார்க்க வருகிறவர்களும் தவறு செய்கிறார்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் அரசும் ஆசிரியர் சங்கங்களும் செய்த 2003 ஒப்பந்தத்தின்படி நடந்த ஐக்யூஎம்எஸ் என்ற ஆசிரியர் மதிப்பீடு போய், 2021 முதல் க்யூஎம்எஸ் என்ற புது மதிப்பீடு நடக்கிறது. வகுப்பறைச் சூழல், பாட அறிவும் பாடம் வழங்குதலும், மாணவர் மதிப்பீடு என்று போகும் அதன் தரநிலைகளில் கருவிக்கென்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் திரையில் வண்ணப்படம் ஓடினால் சிலருக்குக் கை தானாக 4 போட்டுவிடுகிறது. பக்கத்து அறையில் கரும்பலகையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் பேச வைத்தவருக்கு 3.

அடுத்தது, எனக்கு ரொம்ப எரிச்சலூட்டுவது: குறையைப் பின்னால் சொல்வது. மார்க் விழுந்த பிறகு "அன்றைக்கு லோட்-ஷெடிங்", "கேபிளைத் திருடிட்டாங்க" என்றால், உண்மையாகவே இருந்தாலும் சாக்காகத்தான் கேட்கும். 2022, 2023இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்காக உங்கள் படிவத்தில் அது தானாக ஏறிவிடாது. ஆண்டுத் தொடக்கத்தில் சுயமதிப்பீடு எழுதும்போதே எண்ணிக்கையோடு எழுதுங்கள். "வசதி போதாது" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. "கணினி அறையில் 24 இருக்கிறது, ஓடுவது 9, வகுப்பில் 41 பேர், போன வருஷம் மே 6இலிருந்து இணையம் இல்லை, இரண்டு முறை எழுத்தில் கேட்டாயிற்று" என்று எழுதினால், மேலே இருப்பவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பள்ளியைப் பள்ளியோடு ஒப்பிடுவது வேறொரு தொல்லை. கட்டணம் வசூலித்து ஸ்மார்ட்போர்டு வாங்கும் பள்ளியும், கட்டண நிலுவையைத் துரத்திக்கொண்டே ஆண்டை ஓட்டும் பள்ளியும் ஒன்றா? கருவியைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் 2015இல் டேப்லெட் வகுப்பறைகளை ஆரம்பித்தார்கள். பின்னாலேயே திருடர்களும் வந்தார்கள். பூட்டும் காவலும் ஆசிரியரின் கையிலா இருக்கிறது?

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் மன்றக் கணக்குக்கு மூன்று ஆண்டில் 150 பயிற்சிப் புள்ளி சேர்க்க வேண்டும் என்று கிடைத்த பட்டறையில் எல்லாம் போய் உட்காராதீர்கள். எக்செல் தடுமாறுகிறதென்றால் அதற்கான பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் சாசாம்ஸ், அதாவது மார்க்கையும் பள்ளிப் பதிவுகளையும் ஏற்றும் கணினி மென்பொருள். மார்க்கைத் தாமதமாக ஏற்றியதாக ஆசிரியர்மேல் எழுதுவார்கள். அதை ஏற்றக்கூடிய கணினி அலுவலகத்தில் ஒன்றே ஒன்று, முன்னால் பன்னிரண்டு பேர் வரிசை! மார்க் பட்டியலைக் கொடுத்த அன்றே தேதி போட்டு, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.