ஃபோர்ஹேண்டுக்குக் கடின ரப்பர்: மாற்றும் முன் ஒரு குறிப்பு

டேபிள் டென்னிஸ் மட்டையின் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்க அடி) பக்கத்துக்குக் கடினமான ரப்பர் வாங்க நினைப்பவர்கள், உறையில் அச்சிட்டிருக்கும் கடினத்தன்மை எண்களை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம். சீன, ஜப்பானிய, ஜெர்மானிய அளவுகோல்கள் வெவ்வேறானவை என்பதால், ஹரிக்கேன் 3 என்ற சீன ரப்பரின் 39 பாகை, ஜெர்மானிய அளவில் 47.5 பாகை உள்ள ரப்பரைவிடக் கையில் கடினமாகவே இருக்கும். ஒரே அளவுகோலில் இரண்டு மூன்று பாகை மட்டும் கூட்டுவதே நல்லது.

முதல் சில நாள்களில், பழகிய அதே டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும்) அடி வலையின் மேல்விளிம்பில் பட்டு நம் பக்கமே விழும். மென்மையான ஸ்பாஞ்சு (ரப்பரின் அடியில் உள்ள பஞ்சு போன்ற அடுக்கு) லேசான வீச்சுக்கே அமுங்கிப் பந்தைத் தூக்கிவிடும். கடின ஸ்பாஞ்சோ, வீச்சு காலிலும் இடுப்பிலும் தொடங்கி, பந்தைத் தொடும் கணத்தில் முன்கை வேகமெடுத்தால்தான் அமுங்கும். இதை உணராமல் மட்டையை மேல்நோக்கித் திறந்து சரிசெய்யப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதனால் சுழற்சி குறைந்து, வேகமாக அடிக்கும்போது பந்து மேசையைத் தாண்டிப் போகும். கடின ரப்பர் பெரும்பாலும் சில கிராம் எடை கூடுதலாகவும் இருக்கும் என்பதால், மணிக்கட்டில் வலி தெரிந்தால் பேக்ஹேண்டுக்கு (புறங்கைப் பக்கத்துக்கு) மென்மையான, எடை குறைந்த ரப்பரையே வைத்துக்கொள்ளுங்கள்.